அப்பாவின் முதுகுப் பட்டை

கத்சுயா,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்பவில்லை, எழுப்பினால் மறுபடியும் சண்டைதான் வரும்.

அப்பாவின் முதுகில் இருந்த மருந்துப் பட்டையை நேற்று உரித்துக் குப்பையில் போட்டாய். "தோலெல்லாம் செவந்து கெடக்கு, அவரை ஏன்க்கா வதைக்கிறே?" என்று வேறு கேட்டாய். மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுக்கிறார். அதனால்தான் தோல் வழியாக மருந்து இறங்கும் இந்தப் பட்டை. அது மறதியைத் தீர்க்காது, கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். புதியது மேசைமேல் இருக்கிறது. அவர் குளித்ததும், சிவக்காத இடமாகப் பார்த்து நீயே ஒட்டு.

மறதிக்கு டோக்கியோவில் போடுகிற புது ஊசியை நான்தான் தடுத்தேன் என்றாயே! அப்பாவின் மூளையில் ஏற்கெனவே சின்னச் சின்ன ரத்தக்கசிவுகள் இருக்கின்றன, ஊசி போட்டால் அவை பெருகக்கூடும் என்று டாக்டர் சொன்னபோது நீ எங்கே இருந்தாய்? அவர் வேலை பார்த்த தறி ஆலைச் சத்தத்தில் காது மந்தமானதுகூட இந்த மறதிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். காதுக்கருவி வாங்கலாம் என்று காது மந்தமானபோதே உன்னிடம் கெஞ்சினேன். "வயசானா அப்படித்தான்க்கா" என்று சிரித்தது யார்?

மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது. சூடாக்கியதும் கேஸை மூடு. அவரை அடுப்பருகே தனியாக விடாதே.

அக்கா

பி.கு.: நேற்று நீ கத்தியது அப்பாவுக்குக் கேட்டிருக்காது. உன் முகத்தைப் பார்த்திருக்கிறார். "அந்தத் தம்பி கோவமா இருந்தாரே, சாப்பிட்டாரா?" என்று காலையில் என்னிடம் விசாரித்தார். நீ யாரென்று நினைவில்லை. தன் மீனில் பாதியைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறார். உனக்குத்தான். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு.