எனக்கு முன்னால் பேசியவள்

மார்ச் 4

இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுகிறது. இடது விலாவுக்குக் கீழே யாரோ ஈரத்துணியை மடித்து வைத்ததுபோல் ஒரு கனம். மண்ணீரலில் நிணநீர்ப் புற்றுநோய், அதிலும் அபூர்வ வகையாம். "அவசரமில்ல டீச்சர், மெதுவா நடக்கிற நோய். ஆனா இதையே ஆராயுற மையம் எதுலயாவது ஒரு தடவை காட்டிடுங்க" என்றார் டாக்டர். அப்படிப்பட்ட மையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

மண்ணீரல்! வகுப்பில் நான் அரை வரியில் தாண்டிப்போன உறுப்பு. கோபித்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

அக்காவிடம் சொல்லப்போவதில்லை. அத்தான் போன துக்கமே அவளுக்கு ஆறவில்லை.

மார்ச் 6

முதல் மையத்துக்குப் பேசினேன். போனை எடுத்த பெண், "சொல்லுங்கம்மா, போன வாரம் பேசினீங்களே" என்றாள். நான் பேசவில்லை என்றேன்.

"இதே குரல்மா. மண்ணீரல்னு கேட்டு யாரும்மா வர்றாங்க? உங்களுக்கு 'மண்ணீரல் அம்மா'ன்னு பேரே வெச்சிட்டோம்."

புதியவர்களை இப்போது சேர்ப்பதில்லையாம். அதையும் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாளாம்.

மார்ச் 7

இரண்டு விடைத்தாளில் ஒரே விடை இருந்தால், ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். இங்கே யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள்?

மார்ச் 11

இரண்டாவது மையம். அங்கேயும் நான் பேசியிருக்கிறேன்.

"இப்ப எப்படிம்மா இருக்கு? வீக்கம் தொப்புள் வரைக்கும் வந்துடுச்சுன்னீங்களே. தூக்கத்துல வேர்க்கிறது நின்னுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார் ஒருவர்.

எனக்கு வேர்ப்பதே இல்லை. போனை வைத்துவிட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தேன். விலாவை ஒட்டித்தான் இருக்கிறது, இன்னும்.

இன்னும் என்று ஏன் எழுதினேன்? என் குரலில் பேசுகிறவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாளா?

மார்ச் 12

இன்று கண்ணாடி பார்க்கவில்லை.

மார்ச் 14

அக்கா பேசினாள். "சாப்பிட்டியாடி?" "ஆச்சுக்கா. நீ?" "ம், ஆச்சு." இருவருமே அவசரமாகப் போனை வைத்தோம்.

மார்ச் 17

மூன்றாவது மையம். நானே முந்திக்கொண்டேன்: "இதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட பேசியிருக்கேனா?"

அந்தப் பெண் சிரித்தாள். "என்னம்மா, விளையாடுறீங்களா? நேத்துதானே பேசினீங்க! பெரிய டாக்டர் உங்களைப் பார்க்கிறேன்னு சொல்லிட்டாங்க. கவலைப்படாதீங்க, உங்க தங்கச்சிகிட்ட நாங்க மூச்சு விட மாட்டோம்."

எனக்குத் தங்கை கிடையாது.

நான்தான் தங்கை.

மார்ச் 18

முதல் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினேன். கதவைத் திறந்தவளுக்குக் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் இடப்பக்கம் புடைத்து — ஐயோ, எப்படிக்கா மறைச்சே? அவள் கையை எடுத்து என் விலாவுக்குக் கீழே வைத்தேன். "ஏன் சொல்லல?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"உனக்குமா? அடிப்பாவி! சின்ன வயசுல என் ரிப்பனைப் பிடுங்கினே, சரி. இதையுமாடி?"

சிரித்தோமா அழுதோமா, தெரியல.

செப்டம்பர் 9

அந்த மையம் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டது. மருந்து ஏற ஏற அக்காவின் மண்ணீரல் சுருங்கி விலாவுக்குள் போய்விட்டது. என்னை மட்டும் மருந்தில்லாமல் கண்காணித்து வந்தார்கள். ஆனி போய் ஆடி வருவதுபோல, அவளுக்கு வந்ததெல்லாம் அதே வரிசையில் எனக்கு வந்தது. முதலில் வேர்வை, பிறகு தொப்புள் வரை கனம்.

இன்று எனக்கு முதல் மருந்து. நர்ஸ் ஊசியைச் செருகிவிட்டு நகர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் அக்கா ஒரு போர்வையைப் பிரித்து, இரு கையிலும் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா? எனக்குக் குளிரவே இல்லையே."

"வரும்" என்றாள்.