தறி வண்டி

அச்சன்புதூர்,
சாரல் விடாத வெள்ளிக்கிழமை.

படைத்தவன் காப்பானாக.

என் மகன் முகம்மது யூசுப்புக்கு அம்மா நூருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மனைவி அலிமாவும் உன் மகள் ஹுஸ்னாவும் சுகம், என் முழங்காலைத் தவிர, அது சாரல் தொடங்கியதிலிருந்து என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. மஸ்கட்டில் உன் சுகத்துக்கும் வேலைக்கும் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், நடுவில் புகுந்து பேசவும் உன்னால் முடியாது. மேலத்தெருப் பையன் ஒருவன் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்துதான், எழுத்தில் பிழை இருக்கும், சொல்வதில் இருக்காது.

மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று, இப்போது அடுத்த இடத்தில் ஒழுகுகிறது. ஹுஸ்னாவுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது, சோற்றை அளைந்துகொண்டு போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். மாப்பிள்ளைப் பையன் நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. யார் மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நிச்சயம் முடிந்த மறுவாரம் பையனின் அத்தா, வாடகைக் கார் விடுகிற மசூது, தன்னுடைய இன்னோவாவைத் தானே ஓட்டிக்கொண்டு தென்காசியிலிருந்து வந்து பெண்களையெல்லாம் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார் அல்லவா, குளித்தோம், மங்குஸ்தான் தின்றோம், பார்டரில் பரோட்டா சாப்பிட்டோம் என்று அலிமா உன்னிடம் சொல்லியிருப்பாள். வண்டிக்குள் நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டாள். ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்றுதான் கேட்டேன். அதற்கு அந்த மனுசன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, ‘ஆமா சம்பந்தியம்மா, தறிக்குழியில காலத் தொங்கப் போட்டுப் புழுங்கினவங்களுக்கு ஏசி எங்கன ஒத்துக்கிடும்’ என்று சிரிக்கிறார். அவர் மனைவி மாஜிதா, ‘சும்மா ஓட்டுங்க’ என்றாள். அவர் சும்மா ஓட்டவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி, ‘இது டொயோட்டாவாக்கும். எத்தன லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் இஞ்சின் முனகாது. செங்கோட்டை மலையில ஏத்தினா ஆட்டுக்குட்டி கணக்கா ஏறுது. எவ்வளவு பெரிய பரம்பரையில பொறந்தவன் இதைச் செஞ்சிருப்பான், தறியில கெடந்தவனா செய்வான்’ என்றார். பக்கத்தில் ஹுஸ்னா இருந்தாள். அதுவரை கலகலவென்று வந்த பிள்ளை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், மசூதுக்குத் தெரியாது. தெருக்குழாயில் என் குடத்தைத் தள்ளி வைத்தவள் வீட்டுக்கு நான் இன்றுவரை பெருநாள் பலகாரம் அனுப்பியதில்லை, அவள் மவுத்தாகி அவள் மருமகள் அடுப்பைப் பிடித்த பிறகும். அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். ‘அம்மா, புள்ள கல்யாணம், ஒன் கால்ல விழுதேன், வாயத் தொறக்காத, வேடிக்கைக்குச் சொல்லியிருப்பாரு’ என்றாய். அம்மாவை ஒருத்தன் குத்தியிருக்கிறான், மகனுக்குக் கோபம் வரவில்லை, பயம் வருகிறது. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, எழுதிக்கொண்டு போகிறேன், நீயே பார்.

டொயோட்டா என்ற அந்தப் பேரை மசூது சொன்னபோதே எனக்குள் ஒன்று முழித்துக்கொண்டது. நீ அந்தக் கம்பெனி வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடையில் சேர்ந்து முதல் லீவில் வந்திருந்தாய். உன் அத்தா தறியில் இருந்தார்கள். நீ பக்கத்தில் தரையில் குத்தவைத்து, ‘அத்தா, எங்க கடையில படம் போட்டுக் காட்டினாங்க, இந்தக் கார் கம்பெனிக்காரனும் நம்ம ஆளுதான், தறிக்காரன்’ என்றாய். முகமெல்லாம் பல்லாகச் சொன்னாய். உன் அத்தா கையை நிறுத்தாமலே, ‘அவன் தறியில இழை அறுந்தா என்ன செய்யும்’ என்று கேட்டார்கள். ‘தானாவே நின்னுரும் அத்தா, அதத்தான் அவன் கண்டுபிடிச்சான்’ என்றாய். ‘அப்பம் அவன் நெசவாளிதாம்லே, சந்தேகமே இல்ல’ என்று சொல்லி உன் அத்தா சிரித்தார்கள். உனக்கு அது மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை.

ஹுஸ்னாவை உட்கார வைத்து, போனில் தேடி எனக்கு வாசிக்கச் சொன்னேன். முதலில் வேண்டா வெறுப்பாக வாசித்தாள், அப்புறம் அவளே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். சாக்கிச்சி டொயோடா என்று பேர், ஜப்பான்காரன், ஒரு தச்சனுக்குப் பிறந்தவன். அவன் ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் தறி நெய்வார்களாம், அவன் அம்மாவும் நெய்தவள்தானாம், அவள் படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து ஒற்றைக் கையால் ஓட்டுகிற மாதிரி மரத்தில் தறி செய்தானாம். வேலை வெட்டி இல்லாதவன் என்று ஊர் சிரித்ததாம், அங்கேயும் மசூதுகள் இருந்திருக்கிறார்கள். கடைசியில் இழை அறுந்தால் தானே நிற்கிற தறி செய்தான், இங்கிலாந்துக்காரனே அதைச் செய்கிற உரிமையை விலைக்கு வாங்கினானாம். அவன் மகன்தான் காருக்குப் போனவன். குடும்பப் பேர் டொயோடா, அதைக் கம்பெனிக்கு டொயோட்டா என்று திருத்தினார்கள், அவர்கள் எழுத்தில் அப்படி எழுதினால் எட்டுக் கோடு வருமாம், எட்டு அவர்களுக்கு ராசியாம். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாகக் கார் விற்பவர்களாக ஆன பிறகும் அந்தக் குடும்பத்துக் கம்பெனி ஒன்று இன்னும் தறி செய்கிறதாம். நான் தறிக்காரன் என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை. கார் செய்கிற இடத்திலும் அதே வழக்கமாம், ஒரு சாதாரண வேலைக்காரன் பழுதைக் கண்டால் மேலே தொங்குகிற கயிற்றை இழுத்து வேலையை நிறுத்திவிடலாமாம், முதலாளி ஏன் என்று ஏச மாட்டானாம். இந்தக் கயிற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

அதற்குள் மசூது இன்னொரு புது இன்னோவா எடுத்துவிட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஃபாத்திஹா ஓதி, எல்லோருக்கும் சர்க்கரை கொடுப்பதாக ஏற்பாடு. மாஜிதாவே வந்து அழைத்தாள். போனேன், வெறுங்கையோடு போகவில்லை. உன் அத்தாவின் தறி நாடா இருக்கிறதே, பாவுக்குள் இங்கேயும் அங்கேயும் ஓடி ஓடி, கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன கட்டை, அதைத் துடைத்து எண்ணெய் பூசிச் சிவப்புக் கயிறு கட்டிப் புதுக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனேன். ஜமாஅத்துப் பெரியவர்கள், கார் ஸ்டாண்டுக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று வாசல் கொள்ளாத கூட்டம். ஓதி முடிந்ததும் மசூது எல்லோருக்கும் கேட்கும்படி, ‘சம்பந்தி வீட்டுச் சீர் என்னது, தங்கமா’ என்றார். நான் கைக்குட்டையைப் பிரித்தேன். ‘என்னது இது’ என்றார். ‘ஒங்க வண்டியோட அத்தா’ என்றேன்.

ஏசி வார்த்தையில் தொடங்கி எட்டுக் கோடு வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவசரப்படவில்லை, ருசித்துச் சொன்னேன். மசூது, ‘யாரும்மா இந்தக் கதையெல்லாம் ஒங்களுக்குச் சொல்லுதது’ என்றார். ‘எம் மவன் சொன்னான், அவன் அந்தக் கம்பெனிச் சாமான் விக்குதவன்’ என்றேன். ஓத வந்த ஹஜ்ரத் போனை எடுத்துத் தடவிப் பார்த்து, ‘மசூது பாய், அம்மா சொல்லுதது சரியாத்தான் இருக்கு’ என்றார். அவருடைய டிரைவர் ஒருவன், ‘அப்பம் நம்ம இத்தன வருசமா ஓட்டுதது தறி வண்டியா மொதலாளி’ என்று கேட்டானே பார், முதலில் சிரித்தவள் மாஜிதா. முந்தானையை வாயில் திணித்தும் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த மனுசனின் கார்ப் பெருமையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டவள் அல்லவா. மாப்பிள்ளைப் பையன் என் கையிலிருந்து நாடாவை வாங்கிப் புது வண்டியின் முன் கண்ணாடியில் தொங்கவிட்டான். மசூதின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காக நான் இன்னொரு தடவை ஐந்தருவிக்குப் போய் அதே வார்த்தையைக் கேட்டு வரவும் தயார்.

மறுநாளே அந்தப் பேச்சு ஐந்தருவி வரை போய்விட்டது. நம் பேச்சித்தாய் சீசனுக்கு அங்கேதானே பழக்கடை போடுகிறாள், அவள் வந்து சொன்னாள், மசூது வண்டி வளைவில் திரும்பினாலே ஆட்டோக்காரர்கள், ‘ஏலே, வழி விடுங்கலே, தறி வண்டி வருது’ என்று சத்தம் போடுகிறார்களாம். எனக்கு அன்றைக்கு முழங்கால் வலிக்கவேயில்லை. ஆனால் தென்காசியிலிருந்து ஒரு போன் இல்லை, ஆள் இல்லை. அலிமா அழுதாள், என் பிள்ளை கல்யாணத்தை ஒரு கட்டையை வைத்துக் கெடுத்துவிட்டீர்களே மாமி என்றாள். ஹுஸ்னா அழவில்லை. ‘நன்னி, கல்யாணம் நின்னா நிக்கட்டும். அவரு திரும்பவும் அப்படிப் பேசினா நானும் பேசுவேன்’ என்றாள். அவள் சிரித்துப் பார்க்கிற போனும் அன்று பேசவில்லை. நான் தைரியமாக இருந்தேன் என்று எழுதினால் பொய். ஓதிக்கொண்டே இருந்தேன்.

மழையோடு மழையாக மசூது தனியாக வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று இடுப்பில் சேலையைச் செருகினேன். அவர் உட்காராமலே, ‘சம்பந்தியம்மா, தறிக்காரர்னு எனக்குக் கேவலமில்ல. ஒங்க மவன் மொத நாளே எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா. எங்க அத்தா பெரிய ஜவுளி வியாபாரி, தென்காசியில கடை இருந்ததுன்னாரு. நான் விசாரிச்சேன். ஊருல எல்லாரும் தறிக்கார மைதீன் பிச்சையான்னு கேக்குதாங்க. பொய் சொல்லிப் பொண்ணக் குடுக்குதாரேன்னு எனக்கு வெப்ராளம். அவரக் கேட்டா கல்யாணம் நின்னுரும். கேக்காம இருக்கவும் முடியல. அதான் ஒங்களக் குத்தினேன்’ என்றார்.

யூசுப், ஊர் கூட்டி ஜெயித்துவிட்டு வந்தவள் என் வீட்டு நடுக்கூடத்தில் தோற்று நின்றேன். இல்லாத கடையை எங்கே வைத்தாய்? உன் அத்தா தறிக்குழியில் காலை வைத்து நெய்த துணியில்தான் உன்னைப் படிக்க வைத்தார்கள், உனக்கு விசா எடுத்தார்கள், கடைசியில் அந்தக் கால் வீங்கித்தான் மவுத்தானார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை நம்ம ஆள் என்று சிரித்தவன், மண்ணுக்குள் வைத்ததும் அவர்களை வியாபாரி ஆக்கிவிட்டாயே. மசூது என்னை ஏசினார், நீ உன் அத்தாவையே அழித்தாய். என் கோபம் அந்த நிமிசத்தில் மசூது மேலிருந்து இறங்கி மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டது.

மசூதுக்குத் தேயிலை போட்டுக் கொடுத்தேன். ‘பத்திரிகையில என்ன போடணும், நீங்களே சொல்லுங்க, உண்மையா இருந்தாப் போதும், கல்யாணம் நடக்கும்’ என்றார். சொன்னேன். அப்போதே ஹுஸ்னா எழுதினாள், மறுநாள் தென்காசியில் அச்சுக்குக் கொடுத்தாயிற்று. பத்திரிகைக்கு என்று நீ அனுப்பிய, அத்தாவின் தொழில் இல்லாத வாசகத்தை நிறுத்திவிட்டேன், கயிற்றை இழுத்தவள் நான். ‘அச்சன்புதூர் தறி நெசவாளர் மர்ஹூம் மைதீன் பிச்சை அவர்களின் பேத்தி’ என்று முதல் வரியிலேயே, மாப்பிள்ளை பேரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஊரில் கொடுத்து முடித்தாயிற்று. மஸ்கட்டிலும் நீ ஜவுளி வியாபாரி மகனாகத்தான் திரிகிறாய் என்று ஊகித்து, மேலத்தெருப் பையன் கையில் ஒரு கட்டுப் பத்திரிகை கொடுத்திருக்கிறேன். முதலில் உன் ரூமில் இருக்கிறவர்களுக்கும் கடையில் இருக்கிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் உனக்கு இந்தக் காகிதம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இதை நீ வாசிக்கும்போது அவர்கள் அதை வாசித்து முடித்திருப்பார்கள்.

மசூதை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பேச்சித்தாய் சொல்கிறாள், இப்போது அவரே குளிக்க வருகிறவர்களுக்கு நாடாவைக் காட்டி, ‘எங்க சம்பந்தியோட அத்தா நெய்த நாடா, இந்தக் கம்பெனியே தறியில பொறந்ததுதான்’ என்று தான் கண்டுபிடித்த மாதிரி கதை சொல்கிறாராம். கேட்டவர்கள் அவர் வண்டியைத்தான் கேட்டு ஏறுகிறார்களாம். என் பழியையே எடுத்துப் பிழைக்கிறார். அந்த ஐந்தருவி வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது, கல்யாணப் பந்தியில் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துண்டு போடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுளைத் தரட்டும், பொய் சொல்லாத நாக்கையும் தரட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நீ இறங்கும்போது அந்தப் புது இன்னோவாதான் உன்னைக் கூப்பிட வரும், மாப்பிள்ளைப் பையன் ஓட்டி வருவான், நான் சொல்லி வைத்துவிட்டேன். பின் சீட்டில் பெட்டிகள் ஏற்றுகிறோம் என்று உன்னை முன் சீட்டில்தான் உட்கார வைப்பான். மலை ஏறி இறங்கி அச்சன்புதூர் வரும்வரை உன் அத்தாவின் நாடா உன் கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டு வரும். தூங்குகிற மாதிரி நடிக்காதே, பையனிடம் கேட்பேன்.

இப்படிக்கு,
தறிக்காரர் மைதீன் பிச்சை மனைவி,
உன் அம்மா
நூருன்னிசா