அணையாமல் கொண்டா

கருங்குழி
28-3-56

சிரஞ்சீவி காசிநாதனுக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், கரக்பூரில் நீயும் சம்பூர்ணமும் குழந்தையும் அப்படியே இருக்கவேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொள்கிறேன். ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மருமகள் எழுதின கடுதாசி போன மாசமே வந்தது. எழுதினாள் என்று அவள்மேல் பாயாதே, எங்களிடம் சொல்லாமல் அவள் யாரிடம் சொல்வாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, சிகரெட்டை விட்டாலொழியத் தேறாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னாராம், நீயும் பதினோரு நாள் விட்டாயாம், பன்னிரண்டாம் நாள் ரசத்தில் உப்பில்லை என்று தட்டை வீசிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாயாம். படிக்கச் சொல்லிக் கேட்ட உன் அம்மா, அப்படியே அப்பனாட்டம் கீறான் என்றாள்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உனக்கு ஏழெட்டு வயசிருக்கும், நான் களத்தில் உட்கார்ந்தபடியே சுருட்டை உன் கையில் கொடுத்து அடுப்பில் பற்றவைத்து அணையாமல் கொண்டா என்பேன். வீட்டிலிருந்து களம் வரைக்கும் அணையாமல் வரவேண்டுமானால் வழியில் நாலு இழுப்பு இழுக்காமல் முடியுமா, அது எனக்குத் தெரியாததா. நீ இருமிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய வருவாய், உன் வாயிலிருந்து எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டு, பையன் கெட்டிக்காரன் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வேன். உன்னை அதட்ட எனக்கு ஏது வாய்? பெற்ற பிள்ளையின் நெஞ்சில் நானே நெருப்பு வைத்தேனே என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

அதனால்தான் மாசி மகத்துக்கு மகாபலிபுரம் போனபோது கடலில் முழுகிவிட்டுச் சுருட்டுக் கட்டைத் தூக்கி எறிந்தேன். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் காலடியிலேயே போட்டது, அம்மா சிரித்தாள், நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். விட்டபிறகுதான் உன் அவஸ்தை தெரிகிறது. காலையில் வயிறு இளகுவதில்லை, சாப்பிட்டு எழுந்தால் கை தானாக மடியைத் தடவுகிறது, தலை கனக்கிறது, ஒன்றும் செய்யாத மாட்டைத் தார்க்கோலால் குத்திவிட்டு அப்புறம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். நீ தட்டை எறிந்தது உன் குணமில்லை கண்ணு, அந்தச் சனியன் பண்ணுகிற வேலை, ஆனாலும் சம்பூர்ணத்திடம் மன்னிப்புக் கேள், குறைந்துபோய்விட மாட்டாய். நான் கண்டது ஒன்று உண்டு. ஏற்றம் இறைக்கும்போது ஆசை வந்தால் எத்தனை சால் தண்ணீர் ஏறியது என்று எண்ணுவேன், அறுபது எண்ணுவதற்குள் அது அடங்கிவிடுகிறது, திரும்ப வந்தால் திரும்ப எண்ணவேண்டியதுதான். நீ வேலை பார்க்கிற ரயில் பட்டறையில் உனக்கும் எண்ண ஏதாவது இருக்கும். சட்டைப்பையில் கிராம்பும் பொட்டுக்கடலையும் வைத்துக்கொள்.

ஒரு மாசமாகத் தொடவில்லை என்று பெருமையாக எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். பொய் எழுத மனசு வரவில்லை. முந்தாநாள் பக்கத்து நிலத்து அருணகிரி ஒன்று நீட்டினான், வாங்கி முழுசும் பிடித்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லிவிடுவேன். பிடித்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். தலை நரைத்த எனக்கே இத்தனை பாடென்றால், இதை ஒரு சின்னப் பிள்ளைமேல் ஏற்றிவிட்டேனே.

மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், திருக்கழுக்குன்றத்துச் சாமி துணையிருப்பார். மார்புக்குச் சூடுபண்ணின எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே. எனக்கு இன்று இரண்டாம் நாள். உனக்கு எத்தனையாவது நாள் என்று மருமகளை எழுதவிடாமல் உன் கையால் எழுது, முதல் நாளாக இருந்தாலும் வெட்கப்படாதே.

இப்படிக்கு,
உன் நைனா
சின்னையன்