மக்ரூன் மேல் போட்ட பழி

செவ்வாய், இரவு.

பேத்தியின் முன்பல் நான்கும் கறுத்ததற்கு எதிர்வீட்டு ரீத்தா கொடுக்கும் முந்திரி மக்ரூன் மிட்டாய்தான் காரணம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இன்று பல் டாக்டர் கேட்டார்: "அண்ணாச்சி, பிள்ள பால்புட்டிய வாயில வச்சுக்கிட்டேயா தூங்குது?"

"ஆமா, சீனி போட்டு நான்தான் குடுக்கேன்" என்றேன், பெருமையாக வேறு.

"அதுதான் அரிச்சிருக்கு. நாலையும் எடுக்கணும்."

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் வாசலில் ரீத்தா. "என்ன அண்ணாச்சி, டாக்டரு என் மக்ரூன என்ன சொல்லுதாரு?" ஊருக்கே வம்பு அளக்கும் நான், செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இப்போது மூன்று வயதுக்காரி புட்டி கேட்டு அழுகிறாள். கழுதை போலக் கத்திக் காட்டினேன். சிரித்துவிட்டாள். சிரித்ததில் காற்று பட்டுப் பல் கூசியதோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி அழுகை. இந்தக் கிழவனிடம் வேறு வித்தை ஏதும் இல்லை.