நேரான காயம்

இன்று உன் நாயை ஸ்கேன் செய்தேன். மயிர் வழித்த விலாவில் கருவியை வைத்ததும் அந்த இரத்தக் குழாயின் துடிப்பு கேட்டது. தையல் போட்ட இடத்தில் சுவர் சற்றுத் தடித்திருக்கிறது. குழாய் குறுகவில்லை. சிறுநீரகத்துக்கு இரத்தம் போகிறது. ஆறிவிட்டது.

உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி. நாளை உன் கொலை வழக்கில் நான் சாட்சி.

புசல்லாவையிலிருந்து கெலிஓயாவில் நாம் சேர்ந்து வேலை செய்த கிளினிக் வரை, ஓட்டோவில் நாயின் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி வந்தாய். முழங்கை வரை இரத்தம். பன்றி குத்திவிட்டது என்றாய். திறந்தோம். இடது சிறுநீரகத்துக்குப் போகும் குழாயில் ஒரு கீறல். உறைந்த கட்டிதான் அதை அடைத்திருந்தது. கட்டியை எடுத்தேன். இரத்தம் என் கண்ணாடியில் அடித்தது. நீ கிடுக்கி போட்டாய். குழாயைக் கட்டிச் சிறுநீரகத்தை எடுத்துவிடலாம் என்றேன். வலது சிறுநீரகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய். பாக்களவு சுருங்கிக் கிடந்தது. தைத்தே ஆக வேண்டும்.

வெட்டு விளிம்பில் பிசிறே இல்லை.

"பண்டி இவ்வளவு நேராவா கிழிக்கும்?"

"அக்குறணைக்காரிக்குப் பன்னியைப் பத்தி என்னடி தெரியும்? எங்க தோட்டத்துப் பன்னி அடிமட்டம் வச்சுக் கோடு போட்டுத்தான் கிழிக்கும்."

சிரித்தேன். நேரான விளிம்பு நன்றாகப் பொருந்தும் என்ற மகிழ்ச்சி வேறு. நாயின் சிகிச்சை அட்டையில் 'காட்டுப்பன்றி' என்று எழுதினேன்.

இரு கரையிலிருந்தும் குழாயின் உள்தோல் ஊர்ந்து வந்து தையலை மூட வேண்டும். அதுவரை நாய் துள்ளக் கூடாது. மூன்று வாரம் இங்கேயே இருக்கட்டும் என்றேன். நீ தயங்கினாய்.

"அது இல்லாம வீட்ல இருக்க முடியாதுடி."

நாய்ப் பைத்தியம் என்று கேலி செய்தேன்.

பதினோராம் நாள் உன் கணவன் தேயிலைக் கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். கழுத்தில் ஒன்று. விலாவில் நான்கு. முந்திய வெட்டும் உனக்கு ஓங்கியதுதான், நாய் நடுவே பாய்ந்தது என்று பக்கத்து வீட்டார் பிறகு சொன்னார்கள். இந்த முறை பாய நாய் இல்லை. நான் அதை ஆறவைத்துக்கொண்டிருந்தேன்.

பிரேத அறையில் துணியை விலக்கினார்கள். உன் முகத்தைப் பார்க்கும் முன் காயத்தின் விளிம்புகளைத்தான் பார்த்தேன். தெரிந்த விளிம்புகள்.

அவன் அதற்குமுன் கத்தி தொட்டதே இல்லை என்று காட்ட, அவனுடைய சட்டத்தரணி என் அட்டையை வைத்திருக்கிறார். எழுத்து என்னுடையதுதான் என்பேன். எழுதியது தவறு, அது கத்தி என்பேன். மருத்துவருக்கு அன்று தெரியவில்லையா என்று கேட்பார்.

தெரிந்தது. உன்னிடம் இரண்டாம் முறை கேட்கவில்லை. இதை உன் அம்மாவின் முன்னால் சொல்ல வேண்டும்.