வழியில் இல்லாத வீடு

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள ரோனிக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சுகம்தான்.

தெருக்கள் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று இணைகின்றன என்று பார்த்து, ஊர் எப்படிக் கண்டபடி பரவுகிறது என்று அளப்பதுதானே இங்கே என் வேலை. நேற்று உடன் வேலை செய்யும் சிவானி, "அக்கா, உங்க ஊரையும் போட்டுப் பாருங்க லா" என்றாள். திருச்சியில் நம் வீடு இருக்கும் புது நகரின் வரைபடத்தைத் திரையில் போட்டேன். உள்ளே வர ஒரே வழி. மற்ற தெருவெல்லாம் சுவரில் முட்டி நிற்கிறது. நம் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளுக்குப் போக ஊரையே சுற்ற வேண்டும்.

ஜெனிவீவ் டீச்சர் வீடு அங்கேதான் இருக்கிறது. "கோயில்ல பாட்டுப் பயிற்சி முடிஞ்சு டீச்சரை வழியிலதான் இறக்கிவிடறேன்" என்றீர்களே!

"ஏன்க்கா முகம் மாறிடுச்சு?" என்றாள் சிவானி. ஏசி குளிர் என்று சொல்லிவிட்டேன். போனில் கேட்டால் என் குரல் உயர்ந்துவிடும், அதனால்தான் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டீச்சருக்கு வண்டி இல்லை. இறக்கிவிடுங்கள். ஆனால் சுற்றிப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இங்கே வருபவர் யாரிடமாவது சாம்பார்ப் பொடியும், உங்கள் நீலச் சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
வெரோனிகா