சிட்டு ஏன் ட்ரேக்குப் போகவில்லை

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. கா. 5.20க்கு எழுந்தேன். ஹேமாவும் வர்ஷாவும் எழுந்திருப்பதற்குள் துடைத்து முடித்துவிடலாம் என்று. முடியவில்லை.

இன்றைய இடம்: வர்ஷாவின் பயாலஜி ரெக்கார்டு நோட்டு. மேஜைக்கு அடியில் கிடந்திருக்கிறது. செம்பருத்திப் பூவின் படம், பக்கத்தில் அழகான கையெழுத்து, எல்லாம் பூனை மூத்திரத்தில் மஞ்சளாக ஊறிப்போய். ஃபேனுக்கு அடியில் பிரித்துப் போட்டேன். ஈரக் காற்றில் எது காயும்?

வர்ஷா வந்து பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒவ்வொரு பக்கமாக நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அதை மட்டும் சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். பிளஸ் டூ. இது தெரியாத பூனை.

எழுதி வைத்தால் தலை கொஞ்சம் தெளியும் என்று இதைத் தொடங்குகிறேன். மூன்று வாரத்தில் ஈரமான இடங்கள்:

சோபாவின் இடது ஓரம் (மூன்று முறை)
குளியலறை மிதியடி
ஹேமா மடித்து வைத்த காட்டன் புடவைகள்
சாமி அலமாரி முன்னால், கோலத்தின் மேலேயே
வர்ஷாவின் கட்டில், கால்மாடு
இன்று நோட்டு

செய்து பார்த்தவை: வினிகர், ஆப்பசோடா, வெயிலில் போடுவது (வெயில் எங்கே?), ஆன்லைனில் வரவழைத்த ஸ்ப்ரே, பூனை போகும் ட்ரேக்கு மூன்று வித மணல். காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் இருபத்தாறு வருட வேலை. அமோனியா பாட்டிலை மூடி திறக்காமலே கண்டுபிடிப்பேன். என் வீட்டில் ஒரு பூனையிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் வீடு என்று எழுதிவிட்டேன். ஹேமாவின் வீடு. கோட்டூர்புரம், மூன்றாவது மாடி. ஜூலையில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்தேன். எனக்கு ஐம்பத்தொன்று, முதல் கல்யாணம். அவளுக்கு நாற்பத்தேழு, கணவர் போய் ஆறு வருடம், ஒரே மகள் வர்ஷா. கூடவே என் இரண்டு பூனைகள்: குண்டு, ரோசி. இங்கே ஏற்கெனவே இருந்தது சிட்டு. பன்னிரண்டு வயது. வர்ஷாவின் அப்பா கிண்டியில் ஒரு காருக்கு அடியிலிருந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி.

ஈரம் செய்வது சிட்டு. அதில் சந்தேகம் இல்லை. நானே இரண்டு முறை பார்த்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். செல்வி வேலைக்கு வந்ததும் மூக்கில் முந்தானை. "இன்னா சார் இது, பினாயிலு ஊத்தி ஊத்தித் தொடச்சாலும் நாத்தம் அப்டியே கீது. வேற வூட்லல்லாம் என் பொடவைய மோந்து பாக்குறாங்க." தப்பு அவள்மேல் இல்லை. அடுத்த மாதம் வருவாளா தெரியாது.

சாயங்காலம் அடையாறில் டாக்டரிடம். சிட்டுவை நானும் ஹேமாவும் கூட்டிப் போனோம். ரத்தம், யூரின், ஸ்கேன். வயதுக்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறதாம். கிட்னி கெட்டிருக்கும் என்று நினைத்திருந்தோம். கெட்டிருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். கிட்னி என்றால் மருந்து உண்டு, யார்மேலும் பழி இல்லை.

டாக்டர் சின்னப் பெண். மூன்று பூனைக்கு நான்கு ட்ரே வேண்டும், அதுவும் வேறு வேறு இடத்தில் என்றாள். நாங்கள் வைத்திருப்பது இரண்டு. இரண்டும் சமையலறைப் பின் பால்கனியில், பக்கத்தில் பக்கத்தில். சொன்னேன். பிறகு கேட்டாள், "வீட்டுக்குப் புதுசா யாராவது வந்தாங்களா?"

ஹேமா என்னைப் பார்த்தாள். நான்தான் என்றேன். டாக்டர் சிரித்தாள். ஹேமாவும் சிரித்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சிட்டுவின் கூடையை ஹேமா தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 5, புதன்

லீவு போட்டேன். காரணம்: காய்ச்சல். நிஜக் காரணம்: உட்கார்ந்து பார்ப்பது. ஹேமா கணக்குப் பாடம் எடுக்க ஸ்கூலுக்கு, வர்ஷா அவள் ஸ்கூலுக்கு. செல்வி பதினொரு மணிக்குப் போய்விட்டாள். சமையலறையில் ஸ்டூல் போட்டு, பேப்பர் படிப்பதுபோல.

11.20. குண்டு பால்கனிக் கதவில் வந்து படுத்தான். அந்தப் பால்கனிக்கு ஒரே வாசல். ஆறு கிலோ. வாசல் முழுக்க அவன்தான்.

11.35. சிட்டு வந்தது. ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றது. குண்டு எழவில்லை, சீறவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். சிட்டு திரும்பிப் போயிற்று.

11.50. மறுபடி வந்தது. மறுபடி அவன் பார்வை. வாலின் நுனி மட்டும் ஆடியது. போயிற்று.

12.10. மூன்றாவது முறை. இந்தத் தடவை ஃபிரிட்ஜ் வரைகூட வரவில்லை.

12.15. வர்ஷாவின் அறையில், கழற்றிப் போட்ட யூனிஃபார்ம்மேல் உட்கார்ந்திருந்தது சிட்டு. என்னைப் பார்த்தது. ஓடவில்லை. முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

யூனிஃபார்மைத் துவைத்தேன். இரண்டு முறை. அயர்ன் பண்ணி ஹேங்கரில் மாட்டினேன். குண்டு என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தான். மயிலாப்பூர் மாட வீதியில் மழையில் நனைந்து கிடந்தவனை ஒன்பது வருடம் முன்னால் தூக்கி வந்தது நான். என்னோடு பேச வேறு யாரும் இல்லாத வருடங்கள் அவை. கெட்டவன் இல்லை. அந்த இடத்தில் காற்று வரும், படுக்கிறான். ஆனால் அவன்தான். அந்தக் கிழப் பூனை இல்லை.

ஹேமா வந்ததும் சொல்ல வேண்டும்.

சா. 6. ஹேமா வந்தாள். தலைவலி என்று படுத்தாள். சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஏன் சொல்லவில்லை என்று எனக்கே எழுதிக் காட்டுகிறேன். வந்த முதல் மாதமே வர்ஷா சொன்னாள், அங்கிளோட பூனைங்க வந்ததிலிருந்துதான் சிட்டு ஒரு மாதிரி இருக்கு என்று. ஹேமா அவளை என் முன்னாலேயே கடிந்துகொண்டாள். அந்தப் பெண் அழுதாள். நான் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது போய் எந்த வாயால் சொல்வது. குண்டுவை அனுப்பு என்பார்கள். பிறகு என்னை.

மதியம் இரண்டு ட்ரே வாங்கி வந்தேன். ஒன்று குளியலறையில், ஒன்று ஹாலில் டிவிக்குப் பின்னால். குளியலறை ட்ரேயில் ஹேமா கால் இடறினாள். எடுத்துவிட்டாள். ஹால் ட்ரேக்கு முன்னால் சாயங்காலமே குண்டு போய்ப் படுத்தாயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஹேமா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஈ.சி.ஆர். பக்கம் வயதான பூனைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் இருக்கிறாராம். நம்பர் வாங்கியிருக்கிறாள். "சிட்டுக்கு வயசாயிடுச்சு மோகன். இங்க அதுக்கும் நிம்மதி இல்ல, நமக்கும் இல்ல." சொல்லும்போது குரல் நேராகத்தான் இருந்தது. கை மட்டும் புடவை ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தது. போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொன்னார்கள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை போதும். தண்ணீர் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

வர்ஷா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டு வெயில். சோபா மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போய் உலர்த்தினேன். இறங்கும்போது லிஃப்டில் இரண்டாம் மாடி மாமி. "தப்பா நெனச்சுக்காதீங்கோ சார். ஆத்துல அவர் படுத்த படுக்கையா இருக்கார். உங்க பால்கனிலேர்ந்து வாடை வர்றது. ஜன்னலைச் சாத்திண்டா அவருக்கு மூச்சு முட்டறது." மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு யாரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்: மாமி, செல்வி, லேபில் ஹெச்.ஓ.டி. கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை.

நேற்று சாயங்காலத்திலிருந்து எங்கும் ஈரம் இல்லை. ட்ரேயிலும் சிட்டுவின் தடம் இல்லை. ஹேமாவுக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, நல்லாயிடுச்சோ என்னவோ." எனக்குச் சந்தோஷம் இல்லை. ஒரு பூனை ஒரு நாள் முழுக்கப் போகாமல் இருக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கை நீட்டினேன். இன்னும் உள்ளே போயிற்று.

வர்ஷா இரண்டாம் நாளாகச் சாப்பிடவில்லை. ரெக்கார்டைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள். மிஸ் திங்கள்வரை டைம் கொடுத்திருக்கிறாராம். இதை ஹேமாதான் சொன்னாள். என்னோடு அவள் பேசுவதில்லை.

நவம்பர் 8, சனி

கா. 6. வர்ஷா கூப்பிட்ட குரலில் எழுந்து ஓடினேன். சிட்டு தரையில் குந்திக்கொண்டு முக்குகிறது. இரண்டு சொட்டு. சிவப்பு.

ஆட்டோ. ஹேமாவும் கூட; வர்ஷா மடியில் துண்டைச் சுற்றிச் சிட்டு. பாலத்தில் டிராஃபிக். சிட்டு கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்து திறந்து மூடியது. வர்ஷா அதன் காதுக்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

டாக்டர் ஊசி போட்டாள். அடக்கி அடக்கி, பயந்து, சிறுநீர்ப் பை புண்ணாகியிருக்கிறதாம். கல் இல்லை. சரியாகும். ஆனால் எதற்குப் பயப்படுகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் மறுபடி வரும் என்றாள்.

வெளியே பெஞ்சில் மூவரும். ஹேமா என் தோளில் சாய்ந்துகொண்டாள். அதுதான் என்னைப் பேச வைத்தது. தாங்க முடியவில்லை.

சொன்னேன். குண்டுதான் வழியை மறிக்கிறான். புதன்கிழமை பார்த்தேன். மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிப் போனது.

ஹேமா தோளிலிருந்து தலையை எடுத்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"நான் போன் பண்ணும்போது நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"நான் அவர் பூனைய அனுப்பறதுக்குப் பேசிட்டிருக்கேன். நீங்க தண்ணி வேணுமான்னு கேட்டீங்க."

வர்ஷா எழுந்து உள்ளே போய்ச் சிட்டுவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். திரும்பும்போது அவர்கள் ஒரு ஆட்டோ. நான் பின்னால் நடந்து வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஈ.சி.ஆர். அம்மாவுக்கு ஹேமா காலையிலேயே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் செய்தவை: பால்கனி கழுவினேன். குண்டுவை எங்கள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கதவைப் பிராண்டிக்கொண்டே இருந்தான். வர்ஷாவின் கதவைத் தட்டி, ஒரு ட்ரேயை உன் அறையில் வைக்கலாமா, சிட்டுக்கு மட்டும், என்று கேட்டேன். யோசித்தாள். மேஜையை நகர்த்த வேண்டும் என்றாள். நகர்த்தினோம். புத்தகங்களை அவளே ஹாலுக்குத் தூக்கிப் போனாள். மணலை நான் கொட்டினேன்.

சா. 4.10. சிட்டு மோந்து பார்த்தது. ஏறியது. தோண்டியது. வர்ஷா கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். சத்தம் போட வேண்டாம் என்று. ஈர மணல் ஒரு எலுமிச்சம்பழ அளவு. ரத்தம் இல்லை. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

"நீங்க புதன்கிழமையே சொல்லியிருக்கலாம் அங்கிள்."

"ஆமாம்மா."

சட்டையை விட்டுவிட்டாள். ஆனால் இரவு சாப்பிட்டாள். இரண்டு தோசை.

ஹேமா இன்னும் என்னோடு பேசவில்லை. படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

நவம்பர் 10, திங்கள்

மழை. காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஹேமா சமையலறைக்கு வந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் எதாவது இருக்கா மோகன், எனக்குத் தெரியாம?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

இதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை. கல்யாணத்துக்கு முன் வாடகைக்கு இருந்த மந்தைவெளி வீட்டை நான் காலி செய்யவில்லை. அவளிடம் ஜூலையிலேயே காலி செய்துவிட்டதாகச் சொன்னேன். சாவி என் லேப் அலமாரியில் இருக்கிறது. பாயும் அடுப்பும் அப்படியே அங்கே. என்றைக்காவது போகச் சொன்னால் போவதற்கு ஓர் இடம். அவ்வளவுதான் காரணம். அவளிடம் சொல்லும்போது ஆற்றிய காபி சிந்தியது.

ஹேமா உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று நின்றேன். "நாலு மாசமா ஒரு கால வெளில வெச்சிட்டே இருந்தீங்களா" என்றாள். கண் துடைத்துக்கொண்டாள். சிந்தியதையும் துடைத்தாள். குக்கர் நான்கு விசில் அடித்தது. யாரும் அணைக்கவில்லை.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கணக்கு டீச்சர் குரலில் சொன்னாள். குண்டு அங்கே இருக்கட்டும், ஒரு மாசம். சிட்டு ஆறட்டும். காலையும் சாயங்காலமும் நீங்கள் போய்ப் பாருங்கள். அப்புறம் டாக்டர் சொல்கிறமாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இரண்டையும் பழக்கலாம்.

"மாசம் முடிஞ்சா அவனையும் கூட்டிட்டு வரணும். அந்த வீட்டையும் விடணும். ரெண்டும் ஒரே நாள்ல."

சரி என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கா. 5.50. ஸ்கூட்டர். கூடையில் குண்டு. அதைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வர்ஷா தானே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஏழு மணிக்கு மந்தைவெளியில்தான் டியூஷன்.

மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல். நான்கு மாதத் தூசி. வர்ஷா நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"இங்கயா அங்கிள் இருந்தீங்க? எத்தன வருஷம்?"

பதினேழு என்றேன். அவள் வயது. அவளும் அதைத்தான் நினைத்தாளோ என்னவோ. ட்ரேயை எடுத்து, வாசலிலிருந்து தள்ளி ஜன்னல் ஓரமாக வைத்து, மணலை அவளே கொட்டிச் சமன் செய்தாள். குண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டான். கூப்பிட்டேன், வரவில்லை. என்மேல் கோபம்.

தண்ணீர் வைத்தோம். கதவைப் பூட்டினேன். படியில் இறங்கும்போது கையை நீட்டினாள்.

"சாவிய என்கிட்டயே குடுங்க. டியூஷன் விட்டதும் ஏறிப் பாத்துட்டுப் போறேன்."

கொடுத்தேன்.